பிரேக்குப் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடுதல்: காரணம் கண்டறியும் முறை

தாராபுரம் தாலூகாவில் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வேலை முன்னாளில் மாட்டுவண்டியைச் சார்ந்திருந்தது. இந்நாளில் அவ்வேலையில் பெரும்பகுதி பிக்கப் என்று வழங்கும் சிறு பாரவண்டிகளுக்கு மாறியிருக்கிறது. மூலனூர்ப் பக்கத்து முருங்கைக்காயும், அமராவதிப் பாசனத்துத் தேங்காயும், கிணற்றுப் பாசனத்துச் சின்ன வெங்காயமும் இவ்வண்டிகளில் ஏறியே ஒட்டன்சத்திரம், திருப்பூர், காங்கயம் முதலிய ஊர்களுக்குச் செல்கின்றன. இவ்வண்டிகளை உடைய குடியானவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுண்டு. நல்ல ரஸ்தாவில் வண்டி செவ்வனே ஓடுகிறது. பிரேக்கை மிதித்தவுடன் ஸ்டியரிங் சக்கரம் இடமும் வலமுமாக வெடவெடவென்று ஆடுகிறது. வேகம் தணிந்ததும் ஆட்டம் நின்றுவிடுகிறது என்பதே அது.

தானே நின்றுவிடுவதால் இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வேறு சிலர் விசாரணை யாதொன்றும் செய்யாமல் முன்சக்கரத்து டிஸ்க்குகளை மாற்றிவிடுகின்றனர். சில மாதங்களுக்குப் பின் ஆட்டம் திரும்ப வந்து, செலவழித்த பணம் வீணாகிறது. முந்தியவர் நிலையோ இதனினும் மோசமானது. பிரேக்கின் கோளாறாயின் வண்டி நிற்கவேண்டிய தூரம் கூடும். மூட்டுகளின் கோளாறாயின் ஒருநாள் மூட்டே கழன்று சக்கரம் ஓட்டுபவனுக்கு அடங்காமற் போகும். ஆகவே ஆட்டம் எங்கே பிறக்கிறதென்று முதலில் அறிந்து, பிறகே கையில் ஸ்பானரை எடுத்தல் வேண்டும்.

பிரேக்கின் மேல் விழும் பாரம் எத்தகையதென்பதை ஒரு கணக்கால் அறியலாம். பாரத்துடன் 3 டன் எடையுள்ள வண்டி மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிற்குமானால், அப்பொழுது உண்டாகும் வெப்பம் சுமார் இரண்டரை லிட்டர் கிணற்று நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. அதில் பெரும்பங்கு முன்சக்கரத்து இரண்டு டிஸ்க்குகளையே சாரும். அதே வேகத்தில், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் உருளும் சக்கரம் விநாடிக்குப் பத்துமுறை சுழல்கிறது. டிஸ்க்கில் ஓரிடத்தில் கனம் சற்று மாறுபட்டிருந்தால், பிரேக்கின் பிடி விநாடிக்குப் பத்துமுறை இறுகித் தளரும். முன் அச்சும் ஸ்டியரிங் கோல்களும் இயல்பாக ஆடக்கூடிய வேகத்துக்கு இது அணித்தாக இருப்பதால், ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஒத்துத் தள்ளியதுபோல் சிறு தள்ளல் பெரிய ஆட்டமாகிறது. நடுத்தர வேகங்களில் மிகுந்து, வண்டி ஊர்ந்து செல்கையில் மறைவதன் காரணம் இதுவே.

இந்நோய் புதியதன்று. 1920களில் காற்றழுத்தம் குறைந்த பருமனான டயர்களும் முன்சக்கர பிரேக்குகளும் பரவிய காலத்திலேயே மேனாட்டு வண்டிகளில் இவ்வாட்டம் பெரும் தொல்லையாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1934ஆம் ஆண்டு வண்டிகளில் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் தனித்தனியே தாங்கும் அமைப்பைக் கொணர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும். எனினும் மிகுந்த பாரம் சுமக்கும் வண்டிகளில் ஒரே உத்தரமான முன் அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் இன்றும் வழக்கத்தில் உள்ளன. 1986இல் வெளிவந்த டாட்டா 407 அவ்வகையைச் சேர்ந்தது. தம் வண்டி எவ்வகை என்பதைச் சொந்தக்காரர் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளல் நலம். பின்வரும் சோதனைகளுள் சில அதற்கேற்ப மாறும்.

முதற்சோதனை ரஸ்தாவில் செய்யத்தக்கது. பாரம் இறக்கிய வண்டியை, போக்குவரத்தில்லாத நேரான ரஸ்தாவில், டயர்க் காற்றை இருபுறமும் சரிபார்த்த பின் ஓட்டவேண்டும். பிரேக்கைத் தொடாமலே ஆட்டம் இருந்து, தொட்டபின் அது மிகுமானால், குற்றம் சக்கரத்தின் சமன்பாட்டிலோ, ரிம்மின் கோட்டத்திலோ, டயரின் புடைப்பிலோ இருக்கலாம். பிரேக்குப் பிடிக்கும்போது மட்டும் ஆடுமாயின், ஆட்டம் கையில் தோன்றுகிறதா, இருக்கையில் தோன்றுகிறதா என்று கவனிக்கவேண்டும். கையில் தோன்றுவது பெரும்பாலும் முன்சக்கரத்தினின்று வருவது; இருக்கையிலும் தரையிலும் தோன்றுவது பின்சக்கரத்து டிரம் வட்டம் கெட்டதால் வருவது. ஐயமிருந்தால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கைப்பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே மெல்ல மெல்ல இழுத்துப் பார்க்கலாம். அப்பொழுதும் வண்டி அதிர்ந்தால் குற்றம் பின்புறத்தது. கைப்பிரேக்குப் பின்சக்கரத்தில் அன்றிச் சுழல்தண்டில் அமைந்த வண்டிகளில் இச்சோதனை ஆகாது.

அடுத்துக் கால் சொல்லும் சாட்சி. மிதியும் பாதத்தின்கீழ் ஏறியிறங்கித் துடித்தால் டிஸ்க்கின் கனத்தில் மாறுபாடு உண்டென்று கொள்ளலாம். மிதி அசையாதிருக்க ஸ்டியரிங் மட்டும் ஆடினால், டிஸ்க்கை விட்டு மூட்டுகளையும் ஸ்பிரிங்கையும் நாடவேண்டும். ஏ.பி.எஸ். அமைந்த வண்டியில், வழுக்கும் தரையில் அழுத்தி மிதிக்கும்போது மிதி துடிப்பது அவ்வமைப்பின் இயல்பேயாகும். அதைக் கோளாறென்று எண்ணலாகாது.

பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின்மேல் இருத்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே புகுதல் கூடவே கூடாது. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கவேண்டும். அசைவு இருந்தால், துணையாள் ஒருவனைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் செய்து மறுபடி அசைக்கவேண்டும். அசைவு மறைந்தால் குற்றம் வீல் பேரிங்கில். மறையாதிருந்தால் கிங் பின்னிலோ பால் ஜாயிண்டிலோ. காசு செலவில்லாத இச்சிறு உபாயம் பல நாள் விவாதத்தைத் தீர்க்கவல்லது. பிறகு இடமும் வலமுமாக அசைத்தால் டை ராட் முனைகளின் தேய்வு தெரியும். வண்டியை இறக்கியபின், துணையாள் ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிதே திருப்ப, ஒவ்வொரு மூட்டின்மேலும் விரலை வைத்துப் பார்த்தல் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியாத தளர்ச்சி விரலுக்குத் தெரியும். மாட்டுவண்டியின் குடம் தேய்ந்து சக்கரம் இருசில் ஆடுவதைக் கண்டறிந்தவர்க்கு இது கடினமன்று.

மூட்டுகள் யாவும் இறுக்கமாயிருந்து மிதியும் துடிக்குமானால், டிஸ்க்கை அளக்கவேண்டும். டிஸ்க் வெப்பத்தால் வளைந்துவிட்டது என்பது பட்டறைகளில் வழங்கும் பேச்சு. உண்மையில் டிஸ்க் வளைவது அரிது. பெரும்பாலும் நடப்பது வேறு. டிஸ்க் பொருந்தும் ஹப்பின் முகத்தில் துருவோ மண்ணோ தங்கியிருக்கும். 0.05 மி.மீ. கனமுள்ள துருத்துணுக்கு ஒன்று டிஸ்க்கை ஒருபக்கம் சாய்த்தால், வெளி விளிம்பில் அச்சாய்வு ஏறக்குறைய இருமடங்காகும். அவ்வாறு கோட்டத்துடன் சுழலும் டிஸ்க், பிரேக்குப் பிடிக்காத வேளையிலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசிக்கொண்டே செல்லும். பல ஆயிரம் கி.மீ. ஓடியபின் அவ்விடம் மட்டும் தேய்ந்து மெலியும். கனத்தில் 0.02 மி.மீ. அளவு மாறுபாடே ஆட்டத்துக்குப் போதும். தலைமயிரின் கனத்தில் அது பாதியும் இராது. துருவைச் சுரண்டாமல் அதன்மேல் புது டிஸ்க்கைப் பூட்டினால், அது முதலில் நன்றாக ஓடி, சில மாதங்களில் பழைய கதைக்கே திரும்புவது இதனாலேயாம்.

ஆகையால் டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையாலும் எமரித்தாளாலும் உலோகம் தெரியுமட்டும் துடைக்கவேண்டும். சக்கரம் பொருந்தும் முகத்தையும் அவ்வாறே செய்யவேண்டும். பிறகு டிஸ்க்கை நட்டுகளால் இறுக்கி, காந்த அடியுள்ள டயல் கேஜின் முனையை விளிம்புக்கு 10 மி.மீ. உள்ளே வைத்து மெல்லச் சுழற்றிப் பார்க்கவேண்டும். முள் அசையும் அளவு கம்பெனிப் புத்தகத்தில் கண்ட எல்லைக்குள் இருத்தல் அவசியம். பல வண்டிகளுக்கு இது 0.05 முதல் 0.10 மி.மீ. வரையாகும். மிஞ்சினால் டிஸ்க்கை ஹப்பில் ஒரு துளை தள்ளிப் பூட்டி மீண்டும் அளக்கலாம். இரண்டின் கோட்டமும் ஒன்றையொன்று ஈடுசெய்வதுண்டு. மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் கனத்தையும் அளக்கவேண்டும். குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். லேத்தில் கடைந்த பின்னும் அதற்குமேல் கனம் மிஞ்சுமானால்தான் கடைதல் தகும். இல்லையேல் இரு சக்கரத்துக்கும் ஜோடியாக மாற்றுவதே முறை.

கோயமுத்தூர்ச் சீமையில் லேத்துக்கும் கைத்திறனுக்கும் என்றும் பஞ்சமில்லை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸுடன் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு அவர்களின் காலமுதல் மோட்டார் வேலை இங்கு வேரூன்றியது. டயல் கேஜ் வைத்து அளந்து காட்டும் பட்டறையைத் தேடிச் செல்வது தாராபுரத்தாருக்கு அரிய காரியமன்று. அளக்காமல் மாற்றச் சொல்லும் இடத்தில் பணத்தை இறக்குவதற்கு நியாயமில்லை.

சக்கர நட்டுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பஞ்சர் ஒட்டுமிடத்தில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை மிகையாகவும் மற்றொன்றைக் குறைவாகவும் முடுக்குவதால் ஹப்பும் டிஸ்க்கும் கோணுவதுண்டு. டயர் மாற்றிய மறுநாள் முதல் ஆட்டம் என்று சொல்லும் வண்டியில் முதலில் பார்க்கவேண்டியது இதுவே. நட்டுகளைத் தளர்த்தி, எதிரெதிராக, இரு தவணையில், டார்க் ஸ்பானரால் குறித்த அளவுக்கு முடுக்கி, 50 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபார்க்கவேண்டும்.

உத்தர அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளில் இன்னொரு காரணம் மறைந்திருக்கும். சைக்கிளின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது அது நேராக ஓடத் துணைசெய்கிறது. அதுபோல் கிங் பின்னும் சில பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பிரேக்குப் பிடிக்கையில் அச்சு தன்னைத்தானே முன்புறமாக முறுக்கிக்கொள்வதால் இச்சாய்வு குறைகிறது. ஷேக்கிள் புஷ் தேய்ந்தோ, யூ போல்ட் தளர்ந்தோ, நடு போல்ட் முறிந்தோ இருந்தால் முறுக்கம் எல்லை மீறி, சக்கரங்கள் நிலைகொள்ளாமல் ஆடும். இதற்குமேல் பாரம் அதிகம் ஏற்றுவதற்காகப் பின்புறத்தில் பட்டைகளைக் கூட்டிக் கட்டும் வழக்கம் இருக்கிறது. அதனால் வெறும் வண்டியின் பின்புறம் உயர்ந்து நிற்கும். சக்கரங்களின் இடைத்தூரம் 3 மீட்டராயுள்ள வண்டியில் பின்புறம் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால், சாய்வு சுமார் ஒரு பாகை குறைந்துபோகும். சில வண்டிகளில் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்திருப்பர். பட்டை வேலையின்போது அதை விட்டுவிட்டாலும் தலைகீழாய் வைத்தாலும் தீங்கு இதுவே. பாரமேற்றினால் சரியாகவும், வெறும் வண்டியாய்த் திரும்புகையில் ஆட்டமாகவும் இருந்தால், இவ்விடத்தில் சந்தேகம் கொள்ளலாம்.

ஸ்டியரிங் டாம்பர் என்னும் அடக்கி ஒன்றைப் புதிதாகப் போட்டால் ஆட்டம் தணியும். ஆயினும் தேய்ந்த மூட்டை அது இறுக்கிவிடாது. காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டதற்கே இது சமானம். மற்றவை யாவும் சரியென்று கண்டபின் பழைய அடக்கியை மாற்றுதல் வேறு விஷயம்.

காலிப்பரின் வழுக்கு ஊசிகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் உட்புற பேட் ஒருவிதமாகவும் வெளிப்புற பேட் ஒருவிதமாகவும் தேயும். பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தியபின் இரு முன்சக்கரங்களின் அருகே கையை நீட்டி வெப்பத்தை ஒப்பிட்டாலே ஒருபுறம் பிடித்துக்கொண்டிருப்பது புலப்படும். டிஸ்க்கைத் தொடுதல் ஆகாது.

புது பேட் போட்டபின் முதல் 300 கி.மீ. வரை கடும் பிரேக்கைத் தவிர்த்து, 50 கி.மீ. வேகத்திலிருந்து 15 கி.மீ. வேகத்துக்கு மெல்லக் குறைக்கும் பழக்கத்தைப் பத்துப் பதினைந்து முறை இடைவிட்டுச் செய்யவேண்டும். கொடைக்கானல் மலையிலிருந்து பழனிக்கு இறங்கும் வண்டிகள் ஏறிய கியரிலேயே இறங்குவதும், அடிவாரம் சேர்ந்ததும் பிரேக்கை மிதித்தபடியே நிற்காமல் சற்றுத் தூரம் மெதுவாய் ஓடி ஆறுவதும் நலம். கொதிக்கும் டிஸ்க்கின்மேல் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அதன் பசை அங்கே ஒட்டிக்கொண்டு, பிடி மாறுபடும். வெப்பம் ஆறாத சக்கரத்தை வாய்க்காலில் இறக்கிக் கழுவுவதும் தீது.

பதிவுச் சான்றில் கண்ட மொத்த எடைக்குமேல் ஏற்றி ஓட்டுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு தடுக்கிறது. பாரவண்டிகளின் தகுதிச் சான்று, வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. இரு சோதனைகளுக்கு இடையே தேய்வு காத்திருப்பதில்லையாதலால், பஞ்சாயத்து, கூட்டுறவுச் சங்கம் முதலியவற்றின் வண்டிகளைப் பொறுப்பேற்ற அலுவலர்கள், வண்டிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்கலாம். ஆட்டம் முதலில் தோன்றிய தேதி, வேகம், பாரமுண்டா இல்லையா, மிதி துடித்ததா, டயல் கேஜில் கண்ட அளவு, நட்டு முடுக்கிய நாள் ஆகியவற்றை அதில் குறித்துவைத்தால், வண்டி வேறு பட்டறைக்குச் சென்றாலும் விசாரணை முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை.