குண்டு காலி என்று யார் சொன்னது?

கேள்வி: லெஸ்டரில் குடும்பத்தோடு வசிக்கிறேன். இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் ராணுவப் பொருட்களைச் சேர்க்க ஆசை. அண்மையில் ஒரு கார் பூட் சேலில் மில்ஸ் கையெறி குண்டு ஒன்றைப் பார்த்தேன். "உள்ளே இருந்த திரியை எடுத்தாச்சு, வெறும் டம்மி" என்றார் விற்றவர். தயங்கி வாங்காமல் வந்துவிட்டேன். 1990-களின் தொடக்கத்தில் செயலிழக்கச் செய்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கி ஒன்றையும் வேறொருவர் விற்கத் தயாராக இருக்கிறார். வாங்கலாமா? பள்ளியில் போர்க்காலப் பாடம் படிக்கும் என் மகனும் வகுப்பில் காட்ட ஏதாவது கேட்கிறான். எதில் தொடங்குவது?

பதில்: தயங்கியது சரி. திரியை எடுத்துவிட்டால் குண்டு காலி என்று பலர் மனதார நம்புகிறார்கள். அது தவறு.

வில்லியம் மில்ஸின் பெயரால் 1915-ல் வந்த இந்தக் குண்டு, 36-ஆம் எண் வடிவில் 1970-கள் வரை பிரிட்டிஷ் ராணுவத்தின் கையில் இருந்தது. கோடிக்கணக்கில் தயாரித்ததால்தான் இன்றும் சந்தைக்கு வருகிறது. அதன் நடுக்குழாயில் ஸ்ட்ரைக்கரும் சுருள்வில்லும் இருக்கும். பக்கத்துக் குழாயில் திரியும் டெட்டனேட்டரும். அடிமூடியைக் கழற்றினால் இந்தத் திரியும் டெட்டனேட்டரும் வெளியே வந்துவிடும். வெடிமருந்து இருப்பது வேறு இடத்தில். குழாய்களுக்கும் வார்ப்பிரும்பு ஓட்டுக்கும் இடையில் அதை நிரப்பி, பக்கவாட்டுத் துளையைத் திருகால் அடைத்திருப்பார்கள். ஆகவே திரி போன பிறகும் ஓட்டுக்குள் மருந்து அப்படியே இருக்கலாம்.

'காலி' என்று பெயின்டால் எழுத யாராலும் முடியும். உள்வெளி முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி துளையிட்டதோ குறுக்கே வெட்டியதோ ஆன குண்டை மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால், வெடிபொருள் எதுவும் இல்லை என்று தகுதியுள்ள நிபுணர் எழுத்தில் தந்த சான்று வேண்டும். சந்தேகமான ஒன்றை நீங்களே கழற்றிப் பார்க்கவே கூடாது.

எண்பது வருடத்தில் மருந்து நீர்த்துப் போயிருக்காதா என்று கேட்பார்கள். அப்படி நம்பக் கூடாது. பழைய பிரிட்டிஷ் பீரங்கிக் குண்டுகளில் இருந்த லிடைட் என்பது பிக்ரிக் அமிலம். அது உலோகத்தோடு சேர்ந்து உண்டாக்கும் உப்புகள் முன்னைவிட எளிதில் வெடிக்கும். இன்னொன்று, 76-ஆம் எண் குண்டு. 1940-ல் ஜெர்மானியர் கரையிறங்குவார்கள் என்று அஞ்சிய காலத்தில் ஹோம் கார்டு தொண்டர்படைக்குக் கொடுத்தது. பார்வைக்கு வெறும் அரை பைன்ட் கண்ணாடி பாட்டில்; உள்ளே வெண் பாஸ்பரஸ், பென்சீன், ஒரு ரப்பர் துண்டு. பெட்டி பெட்டியாகப் புதைத்துவிட்டு மறந்துபோனார்கள். தோட்டம் தோண்டும்போதும் அஸ்திவாரம் வெட்டும்போதும் இன்றும் கிடைக்கிறது. உடைந்து காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும். இதைச் செயலிழக்கச் செய்து அலமாரியில் வைக்க வழியே இல்லை. இப்படி எதைக் கண்டாலும் தொடாமல், தூக்காமல், எல்லோரையும் விலக்கிவிட்டு 999-ஐ அழையுங்கள். காவல்துறை ராணுவ வெடிகுண்டு நிபுணர்களை வரவழைக்கும். பிரான்சின் சோம் போர்க்களத்துக்குச் சுற்றுலா போகிறவர்களும் உழவில் கிளம்பி வயலோரம் கிடக்கும் குண்டுகளை நினைவுப்பொருளாக எடுத்து வரவேண்டாம். முதல் உலகப்போரின்போது 1916-ல் அங்கே தாக்குதலுக்கு முந்தைய ஒரு வாரத்தில் மட்டும் பிரிட்டிஷ் பீரங்கிகள் சுமார் 15 லட்சம் குண்டுகளைப் பொழிந்தன. அவற்றில் வெடிக்காமல் மண்ணில் புதைந்தவை ஏராளம்.

துப்பாக்கிக்குத் தெளிவான சட்டம் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கிகளைச் சோதிக்கும் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸின் முத்திரையும் சான்றிதழும் இருந்தால் அது செயலிழந்த துப்பாக்கி. ஆனால் செயலிழக்கச் செய்யும் விதிமுறை 1995-லும் 2016-லும் கடுமையானது. நீங்கள் சொல்லும் பழைய துப்பாக்கியில் போல்ட் முன்பின் நகரும், விசை 'கிளிக்' என்னும். சேகரிப்பாளர்கள் விரும்புவதும் அதைத்தான். இன்றைய விதிப்படி உள்பாகங்களை வெல்டு செய்து அசையாமல் ஆக்கிவிட வேண்டும். பழைய முறையில் செயலிழக்கச் செய்ததை வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் புதிய தரத்துக்கு மாற்றிப் புதுச் சான்றிதழ் பெறாமல் அதை விற்பதும் அன்பளிப்பாகக் கொடுப்பதும் 2017 முதல் குற்றம். கைமாறும்போது உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்கும் கடமையும் 2019-ல் சேர்ந்தது. அந்த மனிதரிடம் பழைய சான்றிதழ் மட்டுமே இருந்தால் விலகிவிடுங்கள். எடுத்துக்கொண்டு தெருவில் நடப்பது எந்தத் துப்பாக்கியானாலும் ஆபத்து. பார்ப்பவருக்கு அது உண்மைத் துப்பாக்கிதான்.

என்னைக் கேட்டால், வெல்டு செய்த துப்பாக்கியைவிட ஒரு மார்க் 2 இரும்புத் தலைக்கவசம் அதிகம் பேசும். அதன் விளிம்பில் தயாரிப்பாளரின் எழுத்துகளும் ஆண்டும் பொறித்திருக்கும். 'பி.எம்.பி.' என்றிருந்தால் டாகன்ஹாமின் பிரிக்ஸ் மோட்டார் பாடீஸ்: காருக்கு உடல் கட்டிய ஆலை, போர் வந்ததும் தலைக்கவசம் அழுத்தியது. 1937-ஆம் ஆண்டு வடிவக் கான்வாஸ் இடைவார், தோட்டாப் பைகளிலும் இப்படி ஆலைப் பெயரும் ஆண்டும், அரசாங்க உடைமை என்பதற்கான அம்புக்குறியும் இருக்கும். அம்பையும் ஆண்டையும் படிக்கப் பழகினால் போலிகள் பெரும்பாலும் பிடிபடும். பீரங்கியின் பித்தளை உறையும் நல்ல தொடக்கம்தான்; அடிப்புறம் '18 பி.ஆர்.' என்றிருந்தால் 18-பவுண்டர் பீரங்கியுடையது. அடியின் நடுவில் உள்ள ப்ரைமரைப் பாருங்கள். அடிபட்ட குழி இல்லையென்றால் அது இன்னும் உயிரோடு இருக்கலாம்; வாங்கவேண்டாம்.

மகனுக்கு நச்சுவாயு முகமூடி கொடுக்கத் தோன்றும். வேண்டாம். போர்க்கால பிரிட்டிஷ் முகமூடி வடிகட்டிகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. பிள்ளைகள் கையில் கிடைத்தால் முதல் வேலையாக மாட்டிக்கொண்டு மூச்சிழுப்பார்கள். இருட்டில் ஒளிர்ந்த பழைய காம்பஸ், விமான முகப்புக் கருவிகளிலும் ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி மங்கியிருந்தாலும் கதிரியக்கம் போகாது. ஒரு ரேஷன் புத்தகத்தைக் கொடுத்தனுப்புங்கள். வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் கூப்பன் வெட்டிய அந்தத் தாள்களை முப்பது பிள்ளைகள் கைமாற்றிப் பார்க்கலாம், ஆசிரியருக்கும் பாடம் நடத்த வசதி.