யாரு செஞ்சது? (ஆங்கில வீட்டுப்பாடத்துக்கு ஓர் உதவி)



போன வாரம் டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாங்க. ஆங்கிலச் செய்தித்தாளில் இருந்து 5 பாசிவ் வாய்ஸ் வாக்கியம் எடுத்து, ஆக்டிவ் வாய்ஸாக மாற்ற வேண்டும். எனக்கு மூணுதான் வந்துச்சு. மீதி இரண்டில் மாட்டிக்கிட்டேன். அதில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதி. 'ரவி ஓபன்டு தி டோர்' என்பது செய்வினை. 'தி டோர் வாஸ் ஓபன்டு பை ரவி' என்பது செயப்பாட்டுவினை.

1. செயப்படுபொருள் முன்னால் வரும்.
2. காலத்துக்கு ஏற்ற இஸ், ஆர், வாஸ், வேர் வரும்.
3. வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் வரும்.
4. கடைசியில் 'பை' போட்டு, செய்தவர் பெயர் வரும்.

நாலாவதை விட்டாலும் இலக்கணம் சரிதான். ஆனால் செய்தவர் காணாமல் போயிடுவார்! என்னுடைய இரண்டு வாக்கியத்திலும் 'பை' இல்லை. அதான் மாத்த முடியல.

எங்க வீட்டில் தம்பி டம்ளரை உடைச்சிட்டு, "டம்ளர் உடைஞ்சு போச்சும்மா" என்பான். அம்மா உடனே, "தானா உடையுமா? யாரு உடைச்சா?" என்பாங்க. செய்தி படிக்கும்போது நாமும் அதைத்தான் கேட்கணும்.

நம்ம ஊர் உதாரணம் பாருங்க. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. 'பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கடைக்கு விற்கப்பட்டது. 2001-இல் தொழிற்சாலை மூடப்பட்டது.' இந்த இரண்டு வாக்கியத்திலும் ஆளே இல்லை. யார் விற்றது? கம்பெனி. யார் வெளியே கொண்டுவந்தது? ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும். இப்பதான் செய்தி முழுசாச்சு.

எங்கள் உடல்நலம் கெட்டது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். அதற்குத் தொழிற்சாலை காரணம் இல்லை என்று கம்பெனி சொன்னது. யார் சொன்னது என்று இரண்டு பக்கமும் எழுதுவதுதான் நல்ல செய்தி. 2015-இல் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ஆங்கிலப் பாட்டைப் பாடினார். அதில் கம்பெனியின் பெயரை நேராகவே சொன்னார். உலகம் முழுக்க இணையத்தில் பார்த்தார்கள். தொழிலாளர்களோ அதற்கு முன்பே பல வருஷமாகப் போராடி வந்தவர்கள். 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்காகக் கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது.

பாசிவ் வாய்ஸ் எல்லாமே ஏமாத்து வேலை இல்லை. 'சைக்கிள் திருடப்பட்டது' என்றால் திருடன் யாருன்னு தெரியாது, அதனால் சரி. தெரிந்தும் விட்டிருந்தால்தான் யோசிக்கணும்.

அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நேரே 'ஹூ?' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் தப்புப் போடல. 'கேட்டுத் தெரிந்துகொண்டு எழுது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாங்க. இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

எட்டாம் வகுப்புத் தம்பி, தங்கைகளே, இந்தப் பாடம் புரியலன்னா மதியம் சாப்பிட்டுட்டு பேரிக்காய் மரத்தடிக்கு வாங்க. ஒரு பழைய செய்தித்தாளும் கொண்டு வாங்க. சேர்ந்து படிப்போம்.


– 9-ஆம் வகுப்பு மாணவி