விட்டுவிட்டு எழும் ஓசை

நுழையும்முன்

இயந்திரம் தன் பழுதைப் பெரும்பாலும் ஓசையால்தான் முதலில் உணர்த்துகிறது. இடைவிடாது கேட்கும் ஓசையின் இடத்தைக் கண்டறிதல் எளிது. தோன்றி மறையும் ஓசையோ பட்டறை வாயிலை அடைந்ததும் அடங்கிவிடும். மகிழுந்தின் குளிர்சாதனத்தில் எழும் அத்தகைய ஓசையின் காரணத்தை ஆராயும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வாடகை மகிழுந்து ஓட்டுநர் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். சித்திரை மாத நண்பகல். நெரிசல் மிகுந்த சாலையில் ஒரு மணிநேரம் ஓடியபின் வண்டியின் முன்புறத்தில் 'கரகர'வென ஓசை கேட்கிறது. சிறிது நேரத்தில் குளிர் நின்று வெறுங்காற்று மட்டும் வீசுகிறது. பயணி முகம் சுளிக்கிறார். மாலையில் வண்டி பட்டறைக்குச் செல்கிறது. அங்கே ஓசையும் இல்லை, குளிருக்கும் குறைவில்லை. "கம்ப்ரசரை மாற்றிவிடலாம்" என்கிறார் பழுதுபார்ப்பவர். அதன் விலை ஓட்டுநரின் பலநாள் வருவாய். மாற்றிய பின்னும் ஓசை தொடர்ந்தால் அவர் யாரிடம் சென்று முறையிடுவார்? காரணம் அறியாது உறுப்புகளை மாற்றுவது பழுதுநீக்கம் ஆகாது. அது பிறர் பணத்தில் செய்யும் ஊகம்.

மகிழுந்தில் குளிர்சாதனத்தைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்த முன்னோடி அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம். 1940ஆம் ஆண்டு மாதிரியில் அவ்வசதி இடம்பெற்றது. அதில் கம்ப்ரசரின் ஓட்டத்தைத் தனியே நிறுத்த வழியில்லை. குளிர் வேண்டாத காலத்தில் வண்டியை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, கம்ப்ரசரைச் சுழற்றும் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டியிருந்தது!

அவ்வேலையை இன்று மின்காந்தக் கிளட்ச் செய்கிறது. என்ஜின் ஓடும்வரை பெல்ட், கம்ப்ரசரின் முன்னுள்ள கப்பியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்ரசரின் தண்டு சுழலாது. பொத்தானை அழுத்தியதும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்கிறது. காந்தவிசை ஓர் எஃகுத் தட்டை இழுத்துக் கப்பியோடு ஒட்டவைக்கிறது. தட்டோடு தண்டும் சுழலத் தொடங்குகிறது. கிளட்ச் இல்லாத கம்ப்ரசர்களும் இந்நாளில் உள்ளன. அவற்றின் ஆய்வு வேறு. கம்ப்ரசர் அழுத்திய குளிர்பதன வாயு கண்டென்சரில் வெப்பத்தை இழந்து நீர்மமாகிறது. பின்னர், விரிவு வால்வின் நுண்துளை வழியே பாய்ந்து, டேஷ்போர்டுக்குப் பின்னுள்ள ஆவியாக்கியில் ஆவியாகிறது. அப்போது சூழ்ந்துள்ள காற்றின் வெப்பத்தைக் கவர்கிறது. குளிர்ந்த அக்காற்றை உள்ளே செலுத்துவது ப்ளோயர் என்னும் விசிறி.

இவ்வமைப்பை அறிந்தவர் ஓசையைக் கேட்டவுடன் ஸ்பானரை எடுப்பதில்லை. அவ்வோசை எதனோடு சேர்ந்து மாறுகிறது என்றே முதலில் வினவுவார். ஆக்சிலரேட்டரை மிதிக்க ஓசையின் விரைவும் கூடுமாயின், அது பெல்ட்டால் சுழலும் உறுப்புகளைச் சேர்ந்தது. ப்ளோயரின் வேகத்தைக் கூட்டும்போது கூடுமாயின், விசிறிக்குள் இலையோ காகிதத் துண்டோ சிக்கியிருக்கலாம். குளிரின் அளவை மாற்றும்போது மட்டும் 'டிக்டிக்' என ஒலித்தால், காற்றின் வழியை மாற்றும் கதவை இயக்கும் சிறுமோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கக்கூடும். வளைவில் திரும்புகையில் 'களகள' என நீர் அலைந்தால் வடிகுழாய் அடைபட்டுள்ளது என்று கொள்ளலாம். குளிர்சாதனத்தை அணைத்த பின்னும் உறுமல் தொடர்ந்தால் கப்பியின் பேரிங்கை ஐயுறவேண்டும். கப்பிதான் எந்நேரமும் சுழல்கிறதே!

இங்கே தமிழ்மொழியின் வளம் ஒன்று பயன்படுகிறது. கரகர, கடகட, களகள, படபட என்னும் இரட்டைக்கிளவிகள் வெவ்வேறு ஓசைகளைத் துல்லியமாக வேறுபடுத்துகின்றன. இவை பிரிந்து ஒலித்தால் பொருள் தாரா என்பது தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் கூறும் இலக்கணம். 'ஏதோ சத்தம் வருகிறது' என்னும் ஓட்டுநரைவிட, 'கரகரவென்று வருகிறது, முன்பு ஒருமுறை கிறீச்சிட்டது' என்று சொல்பவர் பழுதுபார்ப்பவருக்குப் பாதி வேலையைக் குறைத்துவிடுகிறார்.

எல்லா ஓசையும் பழுதன்று. கிளட்ச் ஒட்டும்போது எழும் ஒற்றைச் சொடுக்கொலியும், என்ஜினை நிறுத்தியபின் குழாய்களில் அழுத்தம் சமனாகும்போது சில நொடிகள் கேட்கும் சீறலும் இயல்பானவையே.

மேற்கண்ட ஓட்டுநரின் வண்டிக்கு வருவோம். ஓசை ஒரு மணிநேரம் கழித்தே எழுகிறது. வண்டி ஆறியதும் மறைகிறது. எனவே வெப்பமே துப்பு. ஆனால் ஆவியாக்கியில் பனி படிந்தாலும் சற்று நேரம் ஓடியபின்புதான் குளிர் குறையும். பனி படிந்திருந்தால் காற்றின் வரத்தே தளர்ந்திருக்கும். இங்கோ காற்று குறையாமல் வருகிறது, குளிர்தான் இல்லை. ஆகவே பனி காரணமன்று. குளிர்பதன வாயு குறைந்தால் அழுத்தச் சுவிட்சு கிளட்சை அடிக்கடி விடுவிக்கும். அப்போது கேட்பது அடுத்தடுத்த சொடுக்கொலியே, உராயும் கரகரப்பு அன்று.

எஞ்சுவது கிளட்ச். பல்லாண்டு உழைப்பில் தட்டும் கப்பியும் தேய, அவற்றின் இடைவெளி பெருகுகிறது. பல வண்டிகளில் அவ்விடைவெளி ஏறத்தாழ 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டும். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு செல்சியசு பாகைக்கும் சுமார் 0.4 விழுக்காடு உயரும். 20 பாகையில் 4 ஓம் தடையுள்ள சுருள் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் மின்சாரத்தை ஏற்கும். 80 பாகை வெப்பத்தில் தடை ஏறத்தாழ 5 ஓம் ஆகிவிடும், மின்னோட்டமோ 2.4 ஆம்பியராகக் குறையும். தளர்ந்த காந்தம் அகன்ற இடைவெளியைக் கடந்து தட்டை இறுகப் பற்ற இயலாது. தட்டு வழுக்கி உராய்கிறது. பின்னர் விலகியே நின்றுவிடுகிறது. ஆறியபின் சுருள் பழைய வலிமை பெறுவதால் பட்டறையில் ஓசை கேட்பதில்லை.

இதுவும் மெய்ப்பிக்கப்படும்வரை கருதுகோளே. வெயிலில் வண்டியை ஓட்டி, ஓசையை மீண்டும் எழச்செய்தல் வேண்டும். ஓட்டுநரே ஓட்ட, பழுதுபார்ப்பவர் அருகில் அமர்ந்து கேட்பது நன்று. குளிர் நின்ற அந்நேரத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜின் ஓட, சுருளின் இணைப்பில் மின்னழுத்தம் அளக்கப்படும். முழு மின்னழுத்தம் வந்தும் தட்டு ஒட்டவில்லையெனில் பழுது கிளட்சில் உள்ளது; வரவில்லையெனில் ரிலே, சுவிட்சு, கம்பி ஆகியவற்றை ஆராயவேண்டும். பிறகு என்ஜினை அணைத்து, இடைவெளியை அளவுத்தகடு கொண்டு அளப்பர். 1816இல் பிரான்சின் மருத்துவர் லென்னெக் உருவாக்கிய இதயத்துடிப்புமானியின் வழிவந்த உலோகத்தண்டுக் கருவியால் உறுப்புகளின் ஓசையைத் தனித்தனியே கேட்பதும் உண்டு. ஓடும் பெல்ட்டின் அருகே தொங்கும் துண்டும் தளர்ந்த சட்டைக்கையும் ஆபத்தானவை. குழாய்களைத் தாமாகக் கழற்றுவதும் கூடாது. ஆர்-134ஏ என்னும் குளிர்பதனப் பொருள் −26 பாகையிலேயே கொதிப்பதால் தோலில் பட்டால் உறைபுண் உண்டாகும்.

அளந்தபோது இடைவெளி 0.9 மில்லிமீட்டர் இருந்ததாகக் கொள்வோம். தட்டுக்குப் பின்னுள்ள மெல்லிய வளையங்களுள் ஒன்றை நீக்கினால் பல வண்டிகளில் இடைவெளி உரிய அளவுக்கு மீளும். தட்டு மிகத் தேய்ந்திருந்தால் கிளட்சை மட்டும் மாற்றினால் போதும். கம்ப்ரசர் பிழைத்தது, ஓட்டுநரின் பலநாள் வருவாயும் அவரிடமே நின்றது. ஆயினும் வண்டி உடனே அவரிடம் ஒப்படைக்கப்படுவதில்லை. மறுநாள் நண்பகலில், அதே சாலையில், அதே ஒரு மணிநேரம் ஓட்டிப் பார்த்த பின்பே பழுதுச்சீட்டில் கையொப்பம் இடப்படுகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டு மின்விசிறி, தையல் இயந்திரம், மிதிவண்டி ஆகியவற்றுள் ஒன்றில் விட்டுவிட்டு எழும் ஓசையை இரட்டைக்கிளவியால் பெயரிட்டு, அது எப்போது தோன்றுகிறது, எதனோடு மாறுகிறது என்பதை ஒரு வாரம் குறித்துவந்து வகுப்பில் படித்துக்காட்டுக.