ஆலயம் மூடியிருந்த நாட்களில்

பெங்களூரு சிவாஜிநகரில் உள்ள தூய மரியன்னை பேராலயத்தைக் கத்தோலிக்கர் மட்டுமன்றி அந்நகர மக்கள் அனைவருமே அறிவர். இப்போதுள்ள கோதிக் பாணிக் கட்டடம் 1882-இல் அர்ச்சிக்கப்பட்டது. 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதியில் கொடியேறி நவநாள் தொடங்கும். அன்னையின் பிறந்தநாளாகிய செப்டம்பர் 8 அன்று சேலை உடுத்திய திருவுருவம் தேரில் பவனி வரும். தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும் அத்தெருக்களில் பிற சமயத்தவரும் மெழுகுவத்தியுடன் நிற்பதைக் காணலாம். 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்த மக்கள் வெள்ளம் இல்லை. அதே நாட்களில் வேளாங்கண்ணித் திருவிழாவும் வெளியூர்ப் பக்தர்கள் இன்றியே நடந்தது. காவி உடுத்தி, பெங்களூரிலிருந்து நடந்தே கடற்கரை நோக்கிச் செல்லும் கூட்டத்தினருக்கு அவ்வாண்டு பாதை இல்லை.

விழா நின்றது பெரிய இழப்புதான். எனினும் கத்தோலிக்க இல்லங்களுக்கு அதைவிட ஆழமான இழப்பு அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே நேர்ந்துவிட்டது. மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 உயிர்ப்புப் பெருவிழா: ஆண்டின் மிகப் புனிதமான வாரம் முழுவதும் ஆலயக் கதவுகள் மூடியே இருந்தன. பெரிய வியாழன் திருப்பலியில் குரு பன்னிருவரின் பாதங்களைக் கழுவும் சடங்கை அவ்வாண்டு விட்டுவிடுமாறு உரோமையே அறிவித்தது.

இந்து இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த இழப்பின் தன்மை உடனே விளங்குவது கடினம். கோயில் மூடினால் என்ன? வீட்டில் பூஜையறை இருக்கிறது. விளக்கேற்றி, மலரிட்டு, நைவேத்தியம் செய்து, ஆரத்தி காட்டினால் வழிபாட்டில் குறையொன்றும் இல்லை. கத்தோலிக்க வழிபாட்டின் அமைப்பு வேறு. அதன் மையம் திருப்பலி. அங்கே அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது அவர்களது உறுதியான கோட்பாடு. அந்தத் திருப்பலியைக் குருப்பட்டம் பெற்றவர் மட்டுமே நிறைவேற்ற இயலும். வீட்டுத் தலைவர் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் சாப்பாட்டு மேசையில் திருப்பலி ஒப்புக்கொடுக்க முடியாது. பாவமன்னிப்பும் நோயில்பூசுதலும் அவ்வாறே. அவசர வேளையில் பொதுநிலையினர் கொடுக்கக்கூடியது திருமுழுக்கு ஒன்றே. ஆகவே ஆலயம் மூடிய அன்று அந்த இல்லங்களில் எழுந்தது வெறும் ஏக்கமன்று, உண்மையான ஒரு கேள்வி. வழிபாட்டின் உயிர்நாடியே எட்டாத தொலைவுக்குச் சென்றபின் வீட்டில் எஞ்சுவது என்ன?

இக்கேள்விக்குத் திருச்சபையின் மரபு பழைமையான ஒரு விடையை வைத்திருக்கிறது. நற்கருணையை வாயால் உட்கொள்வதும் உண்டு, அன்போடு கூடிய விருப்பத்தால் உள்ளத்தில் ஏற்பதும் உண்டு, இரண்டும் சேர்ந்து நிகழ்வதும் உண்டு என்று 1551-இல் திரெந்து பொதுச்சங்கம் வகைப்படுத்தியது. அதற்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே புனித தாமஸ் அக்குவினாஸ் இதைத் தத்துவ நுட்பத்துடன் ஆராய்ந்திருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரி இதற்கென எளியதொரு செபத்தை இயற்றினார். 2020-இல் தொலைக்காட்சித் திருப்பலிகளின்போது உலகெங்கும் சொல்லப்பட்டது பெரும்பாலும் அச்செபமே.

இராமகிருஷ்ண இயக்கத்தின் அன்பர்களுக்கு இக்கருத்து வேறொரு வாயிலாகவும் அறிமுகமானது. தாமஸ் அ கெம்பிஸ் இயற்றிய 'கிறிஸ்துவைப் பின்பற்றுதல்' என்னும் நூலைச் சுவாமி விவேகானந்தர் தமது பரிவ்ராஜக நாட்களில் கீதையுடன் கையில் வைத்திருந்தார். 1889-இல் அதன் ஒரு பகுதியை வங்காளத்தில் மொழிபெயர்க்கவும் செய்தார். அந்நூலைப் படிப்போர் பெரும்பாலும் அதன் துறவுணர்வையும் ஏகாந்த நாட்டத்தையும் கொண்டாடுவர். அதன் நான்காம் பகுதி முழுவதும் நற்கருணையைப் பற்றியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சில பதிப்புகளில் அப்பகுதி அச்சிடப்படுவதே இல்லை. தக்க காரணத்தால் திருவிருந்தை அணுக முடியாதவன் நல்ல மனத்துடன் அதை நாடினால் அதன் பலனை இழக்கமாட்டான் என்று அங்கே ஆசிரியர் தெளிவாகக் கூறுகிறார். ஆனால் அதே இடத்தில், சோம்பலால் தள்ளிப்போடுபவனுக்கு இச்சலுகை இல்லை என்பதையும் அவர் விட்டுவிடவில்லை.

இந்த வேறுபாடு மிக நுட்பமானது. விருப்பம் என்பது இங்கே எதைக் குறிக்கிறது? 'போக முடியவில்லையே' என்ற வருத்தம் மட்டும் போதாது. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் 'வியாகுலதை' என்று குறிப்பிட்ட தவிப்பு, நீரில் மூழ்கியவன் மூச்சுக்குத் தவிப்பது போன்ற நிலை, அதுவே அதன் பொருளுக்கு அருகில் வருகிறது. தவிப்புக்கு ஒரு நேரமும் இடமும் உருவமும் கொடுக்காவிட்டால் அது சில வாரங்களில் பழக்கமாகி, பின்னர் மறதியாகிவிடும். வீட்டுச் செபத்தின் முழு முக்கியத்துவமும் இங்கேதான் இருக்கிறது.

அந்த உருவத்தைப் பெரும்பாலான தமிழ்க் கத்தோலிக்க இல்லங்களுக்கு அளித்தது செபமாலை. ஐம்பத்து மூன்று மணிகளில் மங்கள வார்த்தை செபமும், இடையே கர்த்தர் கற்பித்த செபமும் திரித்துவப் புகழும் சொல்லப்படுகின்றன. உதடு நாமத்தைச் சொல்லும். மனம் கிறிஸ்துவின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியை, அதாவது ஒரு மறையுண்மையைத் தியானிக்கும். நாம ஜபமும் லீலா சிந்தனையும் ஒரே நூலில் கோக்கப்பட்டுள்ளன என்றால் இந்நாட்டுச் சாதகருக்கு எளிதில் புரியும். மகிழ்ச்சி, துயரம், மகிமை என இருந்த மூவகை மறையுண்மைகளுடன் 2002-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஒளியின் மறையுண்மைகளையும் சேர்த்தார். ஐந்து பத்துமணிகளைச் சொல்ல ஏறக்குறைய இருபது நிமிடங்கள் ஆகும். குருவோ பீடமோ வேண்டா. எழுத்தறியாத பாட்டியும் நடத்தலாம். ஐந்து வயதுப் பேரனும் ஒரு பத்துமணியை முன்னின்று சொல்லலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்று அழைத்தபோது மறைநூல் வல்லுநர்கள் அதை விரித்துரைத்தனர். பாட்டிமார் அதைப் பல தலைமுறைகளாகச் செய்துகொண்டிருந்தனர்.

இது வெறும் ஆறுதல் மொழியன்று; வரலாறு இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டனர், அவர்களுக்கு அடைக்கலம் தருவோருக்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அம்மக்களுக்குத் திருப்பலி இல்லை. 1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வரும் வழியிலேயே வயிற்றுக்கடுப்பால் நலிந்து போயிருந்தார். யார் கத்தோலிக்கர் என்று கேட்கவும் இயலாது. கேட்டால் காட்டிக் கொடுக்கப்படலாம். எனவே கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்து வீடுவீடாகப் பிச்சை ஏற்கத் தொடங்கினார். உணவிடுவோரின் கண்கள் அம்மாலையில் எங்கே நிலைக்கின்றன என்று பார்த்தார். ஒரு தலைமுறைக்குப் பிறகும் கண்கள் நிலைத்தன. சில்லாலைக் கத்தோலிக்கர் அவரை மறைத்து வைத்துக் காத்தனர்.

பின்னர் அவர் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். குரு இல்லாத நாட்களில் செபத்தை நடத்துவதும், குழந்தைகளுக்குக் கற்பிப்பதும், மரணப்படுக்கையில் இருப்பவர் அருகே அமர்ந்து செபிப்பதும் அவர்களது பொறுப்பு. 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது அரசரும் பிரபுக்களும் நகரை நீங்கினர். வாஸ் அடிகளார் நீங்கவில்லை. கைவிடப்பட்ட நோயாளிகளுக்குக் குடிசை அமைத்து, உணவளித்து, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார். அவர்களுள் பௌத்தரும் இருந்தனர். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பெங்களூருக்கும் கொள்ளைநோய் புதிதன்று. 1898-இல் அந்நகரைப் பிளேக் நோய் உலுக்கியது. நெரிசலைக் குறைக்க பசவனகுடி, மல்லேசுவரம் போன்ற பகுதிகள் வளர்ந்ததில் அதற்குப் பங்குண்டு. அதற்கும் முன்னர், சிவாஜிநகர் ஆலயத்தின் தொடக்கத்துடன் தொடர்புடைய பிரெஞ்சு குரு அபே துபுவா, மைசூர் அரசில் பெரியம்மைத் தடுப்பூசி முயற்சியில் ஈடுபட்டு ஆயிரக்கணக்கானோருக்கு ஊசி போடச் செய்தார். இந்நாட்டு வழக்கங்களைப் பற்றிய அவரது நூலோடு கருத்து வேறுபடுபவர்கள்கூட இப்பணியை மறுக்க இயலாது.

இனி 2020-க்குத் திரும்பலாம். வாஸ் அடிகளாரின் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது வீட்டிற்குள் வந்தது: நேரலைத் திருப்பலி. மார்ச் 9 முதல் மே 17 வரை திருத்தந்தை பிரான்சிஸ் சாந்தா மார்த்தா சிற்றாலயத்தில் நிறைவேற்றிய காலைத் திருப்பலி நாள்தோறும் ஒளிபரப்பாயிற்று. மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் அவர் தனியே நின்று செபித்தார். 1522-இல் உரோமையில் பிளேக் பரவியபோது தெருக்களில் ஏந்திச் சென்ற மரச்சிலுவை அருகில் இருந்தது. பெங்களூர் இல்லங்களிலும் அக்காட்சி கண்ணீருடன் பார்க்கப்பட்டது.

ஆயினும் திரையில் ஓர் ஆபத்து உண்டு. திரை, பார்ப்பவரைப் பார்வையாளராகவே வைத்திருக்க விரும்பும். ஒரு கையில் காபிக் கோப்பை, அடுப்பில் பால், நடுவே தொலைபேசி அழைப்பு; திருவுரை நீண்டால் அடுத்த பங்கின் நேரலைக்குத் தாவுதல். இப்படிப் பார்க்கப்படும் திருப்பலி வழிபாடாகுமா என்பது ஐயமே. சாந்தா மார்த்தாவில் ஏப்ரல் 17 அன்று ஆற்றிய மறையுரையில் திருத்தந்தையே இதை எச்சரித்தார். மக்களும் திருவருட்சாதனங்களும் இல்லாமல் கடவுளோடு தனித்த உறவு போதும் என்று பழகிவிடுவது ஆபத்தானது. இக்காலம் ஒரு சுரங்கப்பாதை, கடந்து வெளியேறவே அதனுள் நுழைந்திருக்கிறோம், தங்கிவிடுவதற்காக அன்று என்பது அவர் கருத்து. எளிய சில கட்டுப்பாடுகள் வேறுபாட்டை உண்டாக்கின: குளித்து, ஞாயிறுக்குரிய உடை அணிதல், திரையை மேசைச் சிலுவையின் அருகே வைத்தல், எழ வேண்டிய இடத்தில் எழுந்தும் முழங்காலிட வேண்டிய இடத்தில் முழங்காலிட்டும் பங்கேற்றல், பதிவை அல்லாமல் நேரலையையே காணல். ஒற்றை அறை வாடகை வீட்டில் ஐவர் வாழும் குடும்பத்துக்கு இவையும் எளிதல்ல என்பதை மறுக்க முடியாது. தனி அறை இல்லாதவர்களுக்குச் சுவரில் ஒரு முழ இடம் இருந்தது. தட்சிணேசுவரத்தில் பகவானின் சிறு அறையிலும் ஏனைய தெய்வப் படங்களுடன் ஏசுபிரானின் படம் ஒன்று சுவரில் இருந்ததையும், அதற்கும் தூபம் காட்டப்பட்டதையும் வாசகர்கள் அறிவர்.

மிகக் கடினமான சோதனை 2021-இல் வந்தது. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை பெங்களூரைத் தாக்கியபோது மருத்துவமனைப் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும், இறுதியில் தகனமேடைக்கும் காத்திருக்க நேர்ந்தது. பலர் குருவின் முகம் காணாமல், நோயில்பூசுதல் பெறாமல் மறைந்தனர். கத்தோலிக்கருக்கு இது தாங்கொணாத துயரம்; நன்மரணத்திற்காக ஆயுள் முழுவதும் மரியன்னையிடம் மன்றாடியவர்கள் அவர்கள். இங்கும் மரபு ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருந்தது. தண்டனைக்கு அஞ்சி அல்லாமல் இறைவன்மீது கொண்ட அன்பினாலேயே பாவத்திற்கு வருந்துவது 'உத்தம மனஸ்தாபம்'. இயன்றவுடன் குருவிடம் அறிக்கையிடும் உறுதி அதில் அடங்கியிருந்தால் பெரும் பாவங்களும் மன்னிக்கப்படும் என்பது கோட்பாடு. 2020 மார்ச் 20 அன்று உரோமையின் பாவமன்னிப்பு நீதிமன்றம் இதை நினைவூட்டி, நோயுற்றோருக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் சிறப்புப் பலன்களை அறிவித்தது. உடல் வீட்டிற்கு வராத குடும்பங்களில், அடக்கம் நடக்கும் அதே நேரத்தில் படத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றிச் செபமாலை சொல்லலாம். பிரிந்த ஆன்மாவுக்கான செபத்திற்கு உடலின் அண்மை நிபந்தனையன்று. சிறுவயதில் மனப்பாடம் செய்த செபத்தின் பயன் அத்தகைய வேளையில்தான் தெரியும். நெஞ்சடைத்து நிற்பவனால் புதிய சொற்களைக் கோக்க முடியாது. நாவில் ஊறிய பழைய சொற்களே அவனைத் தாங்கும்.

ஆலயங்கள் ஒரே நாளில் பழையபடி திறந்துவிடவில்லை. 2020 ஜூன் 8 முதல் வழிபாட்டுத் தலங்களைத் திறக்க அரசு அனுமதித்தபோது, திருவுருவங்களைத் தொடவும் தீர்த்தம் தெளிக்கவும் பாடகர் குழு பாடவும் தடை இருந்தது. 65 வயதைக் கடந்தோரும் 10 வயதுக்கு உட்பட்டோரும் வீட்டிலேயே இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டது. அதாவது, மாதக்கணக்கில் வீட்டுச் செபத்தை நடத்திய பாட்டியும் அவருடன் மணிகளை எண்ணிய பேரக்குழந்தையும் ஆலயத்துக்குக் கடைசியாகத் திரும்ப வேண்டியவர்கள் ஆயினர். சில வீடுகளில் மற்றவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் போகத் தொடங்கியதும் மாலைச் செபம் மெல்ல நின்றுபோயிற்று. வேறு சில வீடுகளில் அது நிற்கவில்லை. வெளியே வர இயலாத முதியோருக்கு நற்கருணையைக் குருக்கள் வீட்டிற்கே கொண்டு செல்லும் பழைய வழக்கம் தொடர்ந்தது. அதற்கு வேண்டிய ஆயத்தம் மிகச் சிறிது: வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை, ஒரு சிலுவை, ஒரு மெழுகுவத்தி, ஒரு குவளைத் தண்ணீர்.