பட்டியலில் பெயர் இருக்கிறதா? சொந்தமாக உழைப்போர் கவனத்திற்கு



நம் மஹல்லாவில் மாதச் சம்பளக்காரர்களைவிட அன்றாடம் உழைத்து அன்றாடம் வீட்டுக்குக் கொண்டு வருகிறவர்களே அதிகம். ஆட்டோ ஓட்டுகிறார்கள், தள்ளுவண்டியில் பழம் விற்கிறார்கள், வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறார்கள். இளைஞர்கள் பலர் ஸ்விக்கி, சொமேட்டோ பையை மாட்டிக்கொண்டு பைக்கில் ஓடுகிறார்கள். இவர்களுக்கு பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. வண்டி நின்றால் அன்றே வருமானமும் நின்றுவிடும்.

2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது அரசு உதவவில்லை என்று பலர் சொல்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. உதவி வந்தது, ஆனால் அரசின் கையில் ஏற்கெனவே இருந்த பட்டியல்களின் வழியாகத்தான் வந்தது. மார்ச் 24 அன்று தமிழக அரசு அறிவித்த நிவாரணத்தைப் பாருங்கள். அரிசி பெறும் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய். அதற்கு மேல் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் தனியாக 1,000 ரூபாயும், 15 கிலோ அரிசியும், பருப்பும், எண்ணெயும். இந்த இரண்டாவது உதவி நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். ஒரே ஸ்டாண்டில் இருபது வருடம் சேர்ந்து ஓட்டிய இரண்டு பேரில், வாரிய அட்டை வைத்திருந்தவருக்குக் கிடைத்தது, மற்றவருக்கு இல்லை. மத்திய அரசு பெண்களுக்கு மூன்று மாதம் 500 ரூபாய் வீதம் அனுப்பியதும் ஜன்தன் கணக்குகளுக்கே. வேறு வகைக் கணக்கு வைத்திருந்த ஏழைப் பெண்ணுக்கு அது வரவில்லை.

உதவி என்ற பெயரில் வந்த எல்லாமே உதவியும் அல்ல. வண்டிக் கடனின் தவணையை ஆறு மாதம் கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்ததை நினைத்துப் பாருங்கள். அது தள்ளிவைப்புதான், தள்ளுபடி அல்ல. அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. வங்கிக்காரர் "கட்ட வேண்டாம்" என்றால், "வட்டியும் கிடையாதா?" என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

நடைபாதை வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் வந்த பி.எம். ஸ்வநிதியும் கடன் திட்டம்தான். முதலில் 10,000 ரூபாய் என்று தொடங்கியது. ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவோருக்கு வட்டியில் 7 சதவீதம் மானியமாகத் திரும்ப வரும். வங்கியின் வட்டி அதற்கு மேல் இருந்தால் மீதியை நாம்தான் கட்ட வேண்டும். வட்டி என்பதால் நம்மில் பலர் இதை நெருங்குவதில்லை. அந்தத் தயக்கம் நியாயமானது, ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் கடன் வேண்டாம் என்பதற்காக வியாபாரி அடையாள அட்டையையும் வேண்டாம் என்று விடுவது சரியல்ல. அதற்கும் கடனுக்கும் சம்பந்தம் இல்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகராட்சி கணக்கெடுத்துக் கொடுக்கும் சான்று அது. வண்டியை அப்புறப்படுத்த வந்தால் கையில் காட்ட அதுதான் இருக்கும்.

இப்போது எங்கே பதிவது? ஆட்டோ ஓட்டுநர், தையல்காரர், சமையல் வேலை செய்பவர், வீட்டு வேலை செய்பவர் என்று தமிழ்நாட்டில் தொழில்வாரியாக நல வாரியங்கள் இருக்கின்றன. தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். பிள்ளைகளின் படிப்பு, விபத்து, மரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று சாதாரண நாட்களிலும் பயன் உண்டு. பள்ளிவாசல் இமாம், மோதினார், மதரஸா ஆசிரியர்களுக்கு உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் தனியாக இருக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகள் தங்கள் இமாமிடம் அட்டை இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. அவராக வாய் திறந்து கேட்க மாட்டார்.

மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 16 முதல் 59 வயது வரை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் பதியலாம். கட்டணம் இல்லை. ஆதார், அதோடு இணைந்த கைபேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவை போதும். வீட்டில் தைக்கும் பெண்களும் தொழிலாளர்தான். கணவர் பதிந்துவிட்டார் என்று அவர்கள் விட்டுவிட வேண்டாம்.

டெலிவரி வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி உங்களை ஊழியர் என்று சொல்லாது, "பார்ட்னர்" என்றே சொல்லும். இத்தனை நாள் சட்டத்திலும் உங்களுக்கு இடமில்லாமல் இருந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புதான் முதன்முறையாக உங்கள் வேலைக்குப் பெயர் வைத்தது. கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை உங்கள் நலனுக்காகச் செலுத்த வேண்டும் என்கிறது அது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தமிழக அரசும் உங்களுக்கெனத் தனி நல வாரியம் அமைத்திருக்கிறது. ஆப்பில் ஐ.டி. இருப்பதும் வாரியத்தில் பதிவு இருப்பதும் ஒன்றல்ல, ஐ.டி.யைக் கம்பெனி ஒரே நாளில் முடக்கிவிடலாம்.

ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர்கள் அதை எடுத்துப் புதுப்பிக்கும் தேதியைப் பாருங்கள். கைபேசி எண்ணை மாற்றியிருந்தால் ஆதாரிலும் வங்கியிலும் வாரியத்திலும் மாற்றிவிடுங்கள். ஓ.டி.பி. பழைய எண்ணுக்குத்தான் போகும்.