ஏடும் திரையும்

ஒரு நூலை ஒருமுறை படித்து மறப்பவர் உளர். பலமுறை படித்து அதனோடு வாழ்பவரும் உளர். பின்னவர்க்கு அந்நூலின் மாந்தர் உற்றார் உறவினரைப் போல்வர். அம்மாந்தரின் முகம் எத்தகையது, குரல் எத்தகையது, நடை எத்தகையது என்பவற்றை ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் தாமே தீட்டி வைத்திருப்பர். அத்தகைய நூல் திரைப்படமாகப் போகின்றது என்னும் செய்தி வந்தால் அவர்கள் மகிழ்வர். உடனே அஞ்சவும் செய்வர். அம்மகிழ்ச்சி ஏன்? அவ்வச்சம் ஏன்? அவற்றைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே தக்கதொரு சான்று உண்டு. அது 'பொன்னியின் செல்வன்'.

கடலூர் மாவட்டத்தில், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை அடுத்துக் கருவேப்பிலங்குறிச்சி என்னும் ஊர் இருக்கின்றது. அவ்வட்டாரத்து மாணவர்க்குப் பொன்னியின் செல்வன் தொலைநாட்டுக் கதையன்று. விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். அங்குள்ள சிவன் கோயிலுக்குத் திருப்பணி செய்தவர் கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார். தென்கிழக்கே சென்றால் வீராணம் ஏரியைக் காணலாம். முதற் பராந்தக சோழரின் மைந்தர் இராசாதித்தர் அமைத்த அவ்வேரி, தந்தையின் பட்டப்பெயரால் வீரநாராயண ஏரி எனப்பட்டது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் ஒரு கல்வெட்டு உண்டு. ஆதித்த கரிகாலரைக் கொன்ற துரோகிகளின் பெயர்களை அது கூறுகின்றது. அருகில் கடம்பூர் இருக்கின்றது. செம்பியன் மாதேவியார், வீரநாராயண ஏரி, கடம்பூர் மாளிகை, கரிகாலரின் கொலை ஆகிய அனைத்தும் அந்நாவலில் இடம்பெறுகின்றன. ஆடித் திருநாளன்று வந்தியத்தேவன் குதிரைமேல் அமர்ந்து அவ்வேரிக்கரை வழியே வருவதுடன் கதை தொடங்குகின்றது.

'கல்கி' இரா. கிருஷ்ணமூர்த்தி தம் வார இதழில் 1950 முதல் 1954 வரை இதனைத் தொடர்கதையாக எழுதினார். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என இஃது ஐந்து பாகங்களை உடையது. ஓவியர் மணியம் படங்கள் தீட்டினார். மக்கள் வாரந்தோறும் இதழுக்காகக் காத்திருந்தனர். ஓர் இதழைப் பலர் கைமாற்றிப் படித்தனர். தொடர்கதைத் தாள்களைத் தனியே பிரித்துத் தைத்து நூலாகக் கட்டிப் போற்றினர். தொடர் முடிவுற்ற அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் கல்கி மறைந்தார். கதை மட்டும் மறையவில்லை.

இக்கதையைத் திரையில் காணவேண்டும் என்னும் ஆவல் மிகப் பழையது. 1958ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் இதனைப் படமாக்கும் உரிமையைப் பெற்றார். பின்னாளில் இயக்குநராகப் புகழ்பெற்ற மகேந்திரன் அவர்க்காகத் திரைக்கதை எழுதினார். எனினும் அம்முயற்சி நிறைவேறவில்லை. பிறகு வேறு சிலர் முயன்றனர்; அவையும் கைகூடவில்லை. 1999ஆம் ஆண்டில் 'மேஜிக் லாண்டர்ன்' என்னும் நாடகக் குழுவினர் இதனை மேடையேற்றினர். அந்நாடகத்தை ஆக்கிய இளங்கோ குமரவேல், பின்னர் மணிரத்னத்துடன் சேர்ந்து திரைக்கதை அமைத்தார். செயமோகன் உரையாடல் எழுதினார். இறுதியில் மணிரத்னத்தின் இயக்கத்தில் முதற்பகுதி 2022 செப்டம்பர் 30ஆம் நாளும், இரண்டாம் பகுதி 2023 ஏப்ரல் 28ஆம் நாளும் வெளிவந்தன. எம். ஜி. இராமச்சந்திரன் உரிமை பெற்ற ஆண்டிலிருந்து கணக்கிட்டால், கதை திரைக்கு வர 64 ஆண்டுகள் சென்றன. அக்கால அளவில் பாட்டன், தந்தை, பெயரன் என மூன்று தலைமுறையினர் அந்நாவலைப் படித்துவிட்டனர்.

இவ்வாறு காத்திருந்தோரின் நம்பிக்கை யாது? சோழப் பேரரசின் கோட்டையும் கடற்படையும் கண்முன் தோன்றும் என்பது ஒன்று. தமிழறியாதாரும் இக்கதையின் சிறப்பை அறிவர் என்பது மற்றொன்று. தடித்த ஐந்து பாகங்களைக் கண்டு தயங்கும் இளைஞர், படத்தைப் பார்த்தபின் நூலைத் தேடுவர் என்பது இன்னொன்று.

அவர்தம் அச்சம் யாது? ஐந்து பாகங்களில் விரிந்த கதை இரண்டு படங்களுள் அடங்குமோ என்பது முதலாவது. தாம் உள்ளத்தில் கண்ட குந்தவையும் நந்தினியும் வேறு முகத்துடன் வந்து நிற்பரே என்பது இரண்டாவது. கல்கி கதையினிடையே வாசகரை அழைத்துப் பேசுவார். நகைச்சுவை ததும்ப உரைப்பார். அக்குரல் திரையில் எங்ஙனம் ஒலிக்கும் என்பது மூன்றாவது. நாவலில் வரலாறும் கற்பனையும் கலந்துள்ளன. படத்தில் காண்பதனைத்தையும் வரலாறென்றே மக்கள் கொள்வரோ என்பது நான்காவது.

இவ்வச்சங்களைப் பேதைமை என்று தள்ளிவிடுதல் கூடாது. அன்பு உள்ள இடத்திலேயே அச்சம் உண்டாகும். யாதொரு நூலையும் போற்றாதவர்க்கு அது சிதையும் என்னும் கவலை எழுவதில்லை. ஆயினும், மாற்றம் யாவும் சிதைவு என்று கொள்வதும் பொருந்தாது. இரண்டையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலை வெளியே தேட வேண்டுவதில்லை.

தமிழிலக்கண ஆசிரியர்கள் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்துரைத்தனர். தொல்காப்பியர் வழிநூலின் வகைகளைக் கூறுமிடத்து, விரிந்ததைத் தொகுத்தலையும் தொகுத்ததை விரித்தலையும் உடன்பட்டார். நன்னூலார் வழிநூலுக்கு இரண்டு இயல்புகளைக் கூறினார். முடிந்த முடிபில் அது முதல்நூலோடு ஒத்திருத்தல் வேண்டும். பின்னோன் தான் வேண்டிய வேறுபாடுகளையும் அதில் அமைக்கலாம். எனவே, வேறுபாடு குற்றமன்று. முடிபு பிறழ்தலே குற்றம்.

கம்பர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வான்மீகி முனிவர் பாடியபடி இராவணன் சீதையின் உடலைப் பற்றித் தூக்கிச் செல்கின்றான். கம்பரோ, அவன் சீதையைத் தீண்டாது, பர்ணசாலை நின்ற நிலத்தோடு பெயர்த்துச் சென்றதாகப் பாடினார். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வரலாற்றையும் ஒரு படலமாக விரித்தார். இவ்வளவு மாற்றியும் அறம் வெல்லும் என்னும் முடிபில் அவர் சிறிதும் பிறழவில்லை. ஆதலின் தமிழர் அவர் நூலைத் தலைமேற் கொண்டனர்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலும் இக்கருத்தை விளக்கும். களிமண்ணைக் குழைத்து அச்சில் வார்த்து எடுத்த பொம்மை, உலரும்போது சிறிது சுருங்குகின்றது. சூளையில் வேகும்போது மேலும் சுருங்குகின்றது. சுருங்காமல் சுடுதல் இயலாது. தேர்ந்த தொழிலாளி அதனை முன்பே அறிந்து அச்சின் அளவை அமைக்கின்றான். சுருங்கிய பின்னும் பொம்மையின் முகக்களை மாறாதிருக்குமானால் அவன் வென்றான். முகம் கோணிவிட்டால் எத்துணைப் பளபளப்பு இருந்தும் பயனில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு திரைப்படத்தை அளந்து பார்க்கலாம். நாவல் வீரநாராயண ஏரிக்கரையில் அமைதியாகத் தொடங்குகின்றது. படமோ இராட்டிரகூடருடன் நிகழும் போரில் தொடங்குகின்றது. நாவலில் சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியாரின் மெய்ம்மகன் என்பது வெளிப்பட, அவனே உத்தம சோழனாக முடி சூடுகின்றான். படத்தில் அத்திருப்பம் இல்லை. மதுராந்தகனே முடி சூடுகின்றான். இவை பெரிய மாற்றங்களே. ஆயினும், தனக்கு உரியதாக மக்கள் அளித்த மணிமுடியை அருண்மொழிவர்மர் மற்றொருவர்க்கு ஈந்தார் என்னும் முடிபு இரண்டிலும் ஒன்றே. இதற்கு வரலாற்றிலும் ஆதாரம் உண்டு. சிற்றப்பனார் அரசை விரும்பிய காலத்தில் அருண்மொழி அதனை விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. நாவலின் உயிர்நிலையாகிய தியாகத்தைப் படம் காத்தது என்பது இதனால் விளங்கும்.

ஆயினும், வாசகரின் அச்சம் முழுதும் பொய்த்தது என்று கூறல் இயலாது. கடம்பூர்ச் சம்புவரையரின் மகள் மணிமேகலை படத்தில் இடம்பெறவேயில்லை. வந்தியத்தேவன்மீது அன்பு பூண்டு, அவனைக் காத்தற்பொருட்டுக் கொலைப்பழியைத் தானே ஏற்க முன்வந்த பேதை அவள். அவளது மறைவோடுதான் நாவல் முடிகின்றது. அரசர் துறந்த முடியைப் போலவே அப்பெண் துறந்த வாழ்வும் 'தியாக சிகரம்' என்னும் பெயருக்குப் பொருள் தருகின்றது. அரச குடும்பத்தின் பெருந்தியாகத்தைக் காட்டிய திரை, அவளது தியாகத்தைக் காட்டவில்லை. இது நூலைக் கற்றோர் உணரும் மெய்யான இழப்பு. கடம்பூர் அமைந்த இவ்வட்டாரத்து வாசகர் சற்று மிகுதியாகவே வருந்தினும் வியப்பில்லை.

இந்நிலை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. தொடர் முடிவுற்ற அதே 1954ஆம் ஆண்டில், ஆங்கில நாட்டுப் பேராசிரியர் டோல்கீன் எழுதிய 'மோதிரங்களின் தலைவன்' என்னும் மாயக் கதையின் முதற்பகுதி வெளிவந்தது. பீட்டர் ஜாக்சன் அதனை 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக வெளியிட்டார். அந்நூலின் அன்பர்களும் அவ்வாறே ஆவலுற்றனர், அவ்வாறே அஞ்சினர். பலர் விரும்பிய டாம் பாம்படில் என்னும் பாத்திரம் படத்தில் இல்லை. ஆயினும் உலகம் அப்படங்களைப் போற்றியது. மூன்றாம் படம் மட்டுமே 11 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. பொன்னியின் செல்வனின் முதற்பகுதியும் சிறந்த தமிழ்ப்படம் உட்பட நான்கு தேசிய விருதுகளைப் பெற்றது. எனினும் விருது வேறு. நூலோடு பொருந்துதல் வேறு. பின்னதை அளக்க வல்லவர் நூலைக் கற்றவரே.

இங்கு ஓர் உண்மையை நினைவிற் கொள்ளல் வேண்டும். கம்பர் பாடியதனால் வான்மீகியின் நூல் அழியவில்லை. திரைப்படம் வந்ததனால் கல்கியின் நாவலும் அழியாது. 1999ஆம் ஆண்டில் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதனால் எப்பதிப்பாளரும் அவற்றை அச்சிடலாம். படத்தில் விடுபட்ட மணிமேகலை, ஏட்டில் அழியாது இருக்கின்றாள். ஏட்டைத் திறப்பவர் இல்லாது போனால் மட்டுமே அவள் உண்மையில் மறைவாள். ஆகவே நூலுக்குப் பகை திரையன்று, படியாமையே.

ஆதலின் மாணவர்கள் செய்யத்தக்கது யாது? படம் பார்க்குமுன் நூலைப் படித்தல் சிறந்தது. பார்த்தபின்னேனும் படித்தல் கடமை. படித்து முடித்து ஒரு நாள் வீராணம் ஏரிக்கரையில் நின்று பார்த்தல் வேண்டும். அங்கே எழும் வந்தியத்தேவன் முகத்தை எந்த நடிகரும் அழித்தல் இயலாது. அது படித்தவன் தன் முயற்சியால் பெற்ற செல்வம். மாறியவற்றுள் முடிபு நின்றதா எனப் பார்த்து, நின்றதைப் போற்றி, விடுபட்டதை நூலிற் கண்டு நிறைவுறுவதே கற்றோர்க்கு அழகு.