உதடு முந்தலாம், ஒலி முந்தலாமா?

திரையில் ஒரு பாடல் காட்சியைப் பார்த்துக் கொண்டிருக்கிறீர்கள். பாடுபவரின் வாய் மூடிவிட்டது. பாட்டோ இன்னும் கேட்கிறது. உடனே சிரிப்பு வருகிறது அல்லவா? எங்கள் பள்ளியிலும் ஒரு நாள் அப்படிப்பட்ட சிரிப்பு எழுந்தது. அன்று சிரிக்காதவன் ஒருவனே. அவன்தான் அந்தக் காட்சிகளை வெட்டி ஒட்டித் தொகுத்தவன்.

எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஒன்பதாம் வகுப்பு மாணவர் எட்டுப் பேர் ஒரு பாட்டைப் படமாக்கினார்கள். பாட்டின் நீளம் சரியாக 4 நிமிடம். ஆண்டு விழாவில் அதைத் திரையிடுவதாக ஏற்பாடு. ஒருவன் பாட்டு எழுதினான். ஒருத்தி பாடினாள். இருவர் கைப்பேசியால் படம் பிடித்தார்கள். மூன்று மாணவியர் நடித்தார்கள். எட்டாமவன் தொகுத்தான். பாடியவளின் தந்தைக்கு மாற்றல் வந்துவிட்டதால், அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவளுடைய குரல் மட்டும் எங்களிடம் இருந்தது.

வகுப்பில் முதன்முறை போட்டுப் பார்த்தபோது இரண்டு காட்சிகளில் உதடும் பாட்டும் ஒட்டவில்லை. "நீ ஒழுங்காகப் பொருத்தவில்லை, எல்லாரும் பட்ட பாட்டை வீணாக்கிவிட்டாய்" என்று மற்றவர்கள் தொகுத்தவனைக் கடிந்து கொண்டார்கள். குற்றம் உண்மையில் அவனுடையதுதானா? வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பாட்டே அளவுகோல்

1931-இல் வெளிவந்த 'காளிதாஸ்' காலத்தில் நடிகர்கள் காமிராவின் முன் நின்று தாமே பாடினார்கள். படமும் ஒலியும் ஒரே நேரத்தில் பதிவாயின. பின்னர் பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, படப்பிடிப்பின்போது அதை ஒலிக்கவிட்டு வாயசைக்கும் முறை வந்தது. தமிழில் இம்முறையைக் கையாண்ட முதல் படம் என்று 1938-இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தைச் சொல்வார்கள்.

இம்முறையால் என்ன நன்மை? ஒரே பாட்டை மூன்று முறை பாடிப் பாருங்கள். மூன்று முறையும் அதே வேகத்தில் பாட முடியாது. ஆகவே முதல் முறை எடுத்த படத்தையும் மூன்றாம் முறை எடுத்த படத்தையும் ஒட்டினால் இடையில் பாட்டு தடுக்கும். ஒரே ஒலிப்பதிவை ஒவ்வொரு முறையும் ஒலிக்கவிட்டால் இத்தொல்லை இல்லை. துணிக்கடையில் ஒரே மீட்டர் கோலால் எல்லாத் துணிகளையும் அளப்பது போலத்தான் இது. பாட்டே அளவுகோல், படங்கள் அதன்மேல் வைத்து அளந்து வெட்டப்படும் துண்டுகள். படப்பிடிப்பின்போது கைப்பேசியில் பதிவாகும் ஒலி, இடம் பார்த்துப் பொருத்துவதற்கு மட்டுமே. பொருத்தியபின் அதை நீக்கிவிட வேண்டும்.

எங்கள் மாணவர்களும் அவ்வாறே செய்தார்கள். மூடிய அறையில், நிமிடத்திற்கு 100 தட்டு வீதம் தாளக்கருவியின் ஒலியைக் காதில் கேட்டபடி அவள் பாடினாள். ஆக, அளவுகோலில் பிழையில்லை. பிறகு பிழை எங்கிருந்து வந்தது?

காணாமற்போன 24 படங்கள்

முதல் குறை, ஆலமரத்தடியில் எடுத்த காட்சியில் இருந்தது. மாலை நேரத்தில் கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் எடுத்திருந்தார்கள்.

"சார், ஆரம்பத்தில் சரியாகத்தான் இருக்கிறது. போகப் போகத்தான் விலகுகிறது" என்றான் தொகுத்தவன். நல்ல தடயம்! தவறான இடத்தில் பொருத்தியிருந்தால் முதலிலிருந்து முடிவுவரை ஒரே அளவு விலகியிருக்க வேண்டும். விலகல் வளர்ந்துகொண்டே போகிறது என்றால், பிழை பொருத்தியதில் இல்லை, வேகத்தில் இருக்கிறது.

அசையும் படம் என்பது அசையாத பல படங்களின் வரிசை என்பதை அறிவீர்கள். ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்கிறோம். திரைப்படத்தில் வினாடிக்கு 24 பிரேம். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் 25. கைப்பேசிகளில் பெரும்பாலும் 30. ஆனால் பல கைப்பேசிகள் இந்த 30-ஐக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் ஒளி வேண்டும். எனவே கைப்பேசி தானாகவே பிரேம்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் கொள்ளும்.

4 நிமிடம் என்பது 240 வினாடி. வினாடிக்கு 30 வீதம் 7,200 பிரேம் இருக்க வேண்டும். கோப்பின் விவரத்தைப் பார்த்தபோது இருந்தவை 7,176. அதாவது சராசரியாக வினாடிக்கு 29.9 பிரேம். 24 பிரேம் குறைவு. தொகுக்கும் மென்பொருளோ ஒவ்வொரு பிரேமையும் ஒரு வினாடியில் 30-இல் ஒரு பங்கு என்றே எண்ணி ஓட்டியது. 7,176-ஐ 30-ஆல் வகுத்துப் பாருங்கள்: 239.2 வினாடி! பாட்டு முடிவதற்கு 0.8 வினாடி முன்னரே படம் முடிந்துவிடுகிறது. மாணவியின் வாய் மூடியபின் பாட்டு கேட்டதற்குக் காரணம் இதுவே.

240 வினாடியில் 0.8 வினாடி விலகல் என்றால், சராசரியாக 300 வினாடிக்கு ஒரு வினாடி. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், மீண்டும் தேவைப்படும்.

ஒலிபெருக்கி இருந்த இடம்

இரண்டாம் குறை ஏரிக்கரையில் எடுத்த காட்சியில். இங்கே விலகல் வளரவில்லை. முழுவதும் ஒரே அளவாக இருந்தது. பாட்டு முதலில் கேட்டது. உதடு பின்னால் அசைந்தது. அப்படியானால் தொகுத்தவன் தவறாகப் பொருத்தினானா?

அவன் கைப்பேசியில் பதிவான ஒலியையும் மூலப்பாட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மிகச் சரியாகவே பொருத்தியிருந்தான். ஆனால் அன்று ஒலிபெருக்கி இருந்தது காமிராவின் பக்கத்தில். நடித்தவர்கள் நின்றது கரையின் மறுகோடியில். தூரத்தை அடியால் அளந்தோம். முக்கால் மீட்டர் அடி வைத்து 45 அடி. ஏறத்தாழ 34 மீட்டர்.

ஒளி வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 34 மீட்டர் அதற்கு ஒரு தூரமே அல்ல. ஆனால் ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். ஆகவே பாட்டு நடித்தவர்களின் காதை அடையப் பத்தில் ஒரு பங்கு வினாடி பிடித்தது. அவர்கள் கேட்டதற்கேற்ப வாயசைத்தார்கள். காமிரா பாட்டை உடனே கேட்டது, உதட்டசைவையோ 0.1 வினாடி கழித்துப் பார்த்தது. 30 பிரேம் கணக்கில் அது 3 பிரேம்.

இங்கேதான் ஒரு புதிர். வேறொரு நாள் அதே இடத்தில், அதே தூரத்தில், ஒலிபெருக்கியை நடித்தவர்களின் பக்கத்தில் வைத்து எடுத்த காட்சியும் இருந்தது. அப்போது காமிராவுக்குப் பாட்டு 0.1 வினாடி தாமதமாகக் கேட்டிருக்கும். அதை வைத்துப் பொருத்தியதால் உதடு 0.1 வினாடி முந்தியும் பாட்டு பிந்தியும் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதை யாரும் குறை சொல்லவில்லை! விலகல் ஒன்றே, ஒன்று கண்ணில் பட்டது, மற்றது படவில்லை. ஏன்?

மூளையின் பழக்கம்

தொலைவில் துணி துவைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் படுவது முதலில் தெரியும்; ஓசை பின்னால் வரும். மின்னல் முன்னே, இடி பின்னே. இயற்கையில் ஒலி பிந்தி வருவது வாடிக்கை. ஒளியை முந்தி வருவதே இல்லை. இதனால்தான் ஒலி சற்றுப் பிந்தினால் நம் மூளை பொறுத்துக் கொள்கிறது, முந்தினால் உடனே விழித்துக் கொள்கிறது என்று கருதுகிறார்கள்.

இதற்கு எல்லையும் உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி சுமார் 45 மில்லிவினாடி முந்தினாலே பார்ப்போர் கண்டுகொள்வார்கள். பிந்தினாலோ சுமார் 125 மில்லிவினாடிவரை கண்டுகொள்வதில்லை. (ஆயிரம் மில்லிவினாடி ஒரு வினாடி.) நம் விலகல் 100 மில்லிவினாடி. முந்தும்போது அது எல்லையைத் தாண்டியது. பிந்தும்போது எல்லைக்குள் அடங்கியது. புதிர் விடுபட்டதா?

ஆலமரத்தடிக் காட்சிக்கும் இதே எல்லையைப் போட்டுப் பாருங்கள். அங்கே ஒலி பிந்துகிறது. 300 வினாடிக்கு ஒரு வினாடி வீதம் விலகினால், 0.125 வினாடி விலக 37.5 வினாடி ஆகும். முதல் அரை நிமிடம் யாருக்கும் குறை தெரியாததன் காரணம் இதுவே.

ஐம்பது கட்டங்கள்

காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும். ஏரிக்கரைக் காட்சியை மறுபடி எடுக்கத் தேவையே இல்லை. படத்தை 3 பிரேம் முன்னதாகத் தொடங்கச் செய்தான். உதடும் பாட்டும் கூடிவிட்டன.

ஆலமரத்தடிக் காட்சிக்குத் தாளம் கைகொடுத்தது. நிமிடத்திற்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 0.6 வினாடி, அதாவது 18 பிரேம். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்திற்கு 8 எண்ணிக்கை. எனவே ஓர் ஆவர்த்தனம் 4.8 வினாடி, 144 பிரேம். முழுப் பாட்டும் சரியாக 50 ஆவர்த்தனங்கள். ஏழு பேரும் உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் 50 கட்டங்கள் வரைந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் காட்சி வரவேண்டும் என்று எழுதினார்கள்: ஆலமரம், மதகு, நீரைத் தொடும் கை, நாரை, மறுபடி ஆலமரம்.

ஒவ்வொரு துண்டையும் ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், பாட்டோடு புதிதாகப் பொருத்தினான். 4.8 வினாடியில் ஏற்படும் விலகல் 0.016 வினாடி, அரைப் பிரேம்கூட இல்லை. அடுத்த துண்டில் விலகல் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். காட்சி தாளத்தில் மாறியதால் பார்ப்பதற்கும் இனிமையாயிற்று. நீண்ட காட்சி வேண்டுமானால், நல்ல வெளிச்சத்தில், பிரேம் எண்ணிக்கையை மாறாமல் நிறுத்தி எடுக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டோம்.

ஆண்டு விழாவில் படம் ஓடியது. உதடுகள் மூவருடையவை, குரல் வேறொருத்தியுடையது என்பது அரங்கில் பலருக்குத் தெரியவில்லை. வேறூரிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்த அவளுக்குத் தெரியும். வகுப்பில் கடிந்துகொண்டவர்கள் முடிவில் பெயர்ப் பட்டியலில் தொகுத்தவனின் பெயரை முதலில் போடச் சொன்னார்கள். அவனோ அகர வரிசையே போதும் என்று மறுத்துவிட்டான்.

கூட்டு வேலையில் பிழை நேர்ந்தால், "யார் செய்தது?" என்ற கேள்வி முதலில் நாவில் வரும். "எவ்வளவு விலகியது? வளர்கிறதா, மாறாமல் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். அளவு தெரிந்தால் காரணம் தானே தெரியும்.

செய்து பாருங்கள்

1. வினாடி முள் உள்ள சுவர்க் கடிகாரத்தை மங்கிய வெளிச்சத்தில் 4 நிமிடம் படம் பிடியுங்கள். தொகுக்கும் மென்பொருளில் இட்டு, 4 நிமிடக் கோட்டில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நல்ல வெளிச்சத்திலும் எடுத்து ஒப்பிடுங்கள்.

2. விளையாட்டுத் திடலில் 34 மீட்டர் அளந்துகொண்டு, மறுகோடியில் ஒரு நண்பனைக் கை தட்டச் சொல்லிப் படம் பிடியுங்கள். ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, கைகள் சேரும் பிரேமுக்கும் ஓசை கேட்கும் பிரேமுக்கும் இடையே எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள்.

3. வினாடிக்கு 60 பிரேம் எடுத்து, 30 வீதம் ஓட்டினால் காட்சி பாதி வேகத்தில் மெல்ல நகரும். கூந்தலும் தாவணியும் மெல்ல அசைய, உதடு மட்டும் பாட்டோடு பொருந்த வேண்டுமானால், படப்பிடிப்பின்போது பாட்டை எந்த வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும்?

(மூன்றாவதன் விடை: இரு மடங்கு வேகத்தில்.)